மெட்டாலிகாவின் 'மாஸ்டர் ஆஃப் பப்பெட்ஸ்' (1986): அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த ஆல்பத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் நான் லேசில் நிறுத்தமாட்டேன் என்பது நண்பர்களுக்குத் தெரியும். அதனால் கேள்வியை எழுதி அனுப்பிவிட்டு நழுவிவிடுகிறார்கள். சேர்ந்துபோன கேள்விகளுக்கெல்லாம் இங்கே ஒரே மூச்சில் பதில். ஒருமுறைகூடக் கேட்காதவர்கள் விவரம் கேட்டதும் இதில் இருக்கிறது. ஆல்பத்தையே மனப்பாடமாக வைத்திருப்பவர்கள் சண்டைக்கென்றே கேட்டதும் இருக்கிறது.

முதலில், இது என்ன ஆல்பம்?

மெட்டாலிகா என்ற அமெரிக்க ஹெவி மெட்டல் குழுவின் மூன்றாவது ஆல்பம். 1986 மார்ச் 3 அன்று வெளியானது. எட்டுப் பாட்டு, ஏறக்குறைய 55 நிமிடம். ஜேம்ஸ் ஹெட்ஃபீல்ட் பாடி, ரிதம் கிட்டாரும் வாசித்தார். லீட் கிட்டார் கிர்க் ஹாமெட், பேஸ் கிட்டார் கிளிஃப் பர்ட்டன், டிரம்ஸ் லார்ஸ் உல்ரிக். ஆல்பம் வந்தபோது இருவருக்கு 22 வயது, ஹாமெட்டுக்கு 23, மூத்தவரான பர்ட்டனுக்கு 24. அந்த வயதில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை.

ஹெவி மெட்டல் என்கிறீர்கள், சிலர் த்ராஷ் என்கிறார்கள். எது சரி?

இரண்டும். ஹெவி மெட்டல் பெரிய குடும்பம். த்ராஷ் அதில் ஒரு கிளை. எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் இங்கிலாந்தில் ஒரு புதிய மெட்டல் அலை எழுந்தது. அதன் ரிஃப்களை எடுத்து, பங்க் குழுக்களின் வேகத்தில் வாசித்தார்கள் கலிபோர்னியாவில் சில பையன்கள். அப்படிப் பிறந்ததுதான் த்ராஷ். ரிஃப் என்றால் பாட்டு முழுக்கத் திரும்பத் திரும்ப வரும் கிட்டார் சொற்கட்டு. மற்ற இசையில் மெட்டு செய்யும் வேலையை இங்கே பெரும்பாலும் ரிஃப்தான் செய்கிறது.

எனக்கு வெறும் இரைச்சலாகத்தான் கேட்கிறது. என்ன தவறவிடுகிறேன்?

அதிகம் வந்த கேள்வி இது. கேட்டவர்களில் என் அம்மாவும் ஒருவர்.

இரைச்சல் என்பது ஒழுங்கில்லாத ஓசை. இந்த ஆல்பத்தில் ஒழுங்கில்லாத ஓர் இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். தலைப்புப் பாட்டையே எடுத்துக்கொள்வோம். எட்டரை நிமிடப் பாட்டு. முதல் மூன்றரை நிமிடம் ஓட்டமும் அடியும். பிறகு எல்லாம் திடீரென்று அடங்கி, முறுக்காத சுத்தமான ஒலியில் ஒரு கிட்டார் தனியாக ஒவ்வொரு தந்தியாக மீட்டத் தொடங்குகிறது. அதன்மேல் இரண்டு கிட்டார்கள் ஒன்றுக்கொன்று துணையாக ஒரு மெல்லிசையை வாசிக்கின்றன. அங்கே வரும் நிதானமான முதல் தனி வாசிப்பு லீட் கிட்டாரிஸ்ட் ஹாமெட்டுடையது அல்ல, ஹெட்ஃபீல்டுடையது. அதன்பின் கொஞ்சம் கொஞ்சமாக எடை ஏறி, ஹாமெட்டின் வேகமான சோலோ வெடித்து, பாட்டு புறப்பட்ட இடத்துக்கே திரும்பி, கடைசியில் யாரோ சிரிக்கும் ஓசையில் முடிகிறது.

இப்படி ஒரு பாட்டைத் தற்செயலாகக் கட்ட முடியாது. நால்வரும் பதிந்துவைத்த ரிஃப் கேசட்டுகளை ஹெட்ஃபீல்டும் உல்ரிக்கும் போட்டுக் கேட்டு, எதற்கு அடுத்து எது என்று அடுக்கி அடுக்கிப் பாட்டுகளை உருவாக்கினார்கள். 1985 கோடையில், சான் பிரான்சிஸ்கோ அருகே எல் செரிட்டோ என்ற ஊரில் ஒரு வாடகை வீட்டின் கேரேஜில் நடந்த வேலை. பதிவுக்காக டென்மார்க்குக்கு விமானம் ஏறும்போது 'ஓரியன்', 'தி திங் தட் ஷுட் நாட் பி' இரண்டும் தவிர மற்றவை ஏறக்குறைய முடிந்திருந்தன.

என் யோசனை இது: முதல் தடவை குரலை விட்டுவிடுங்கள். வலது பக்க கிட்டாரை மட்டும் காதால் பிடித்துக்கொண்டு ஒரு பாட்டு முழுக்கப் போய்ப் பாருங்கள். ஓடும் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் கண் பழகுமே, அதுபோலக் காது பழகும். பழகியபின்னும் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அம்மாவுக்குப் பிடிக்கவில்லை.

தலைப்புக்கு என்ன அர்த்தம்? சாத்தானைப் பற்றிய பாட்டா?

இல்லை. பொம்மலாட்டத்தில் கயிறு பிடித்து ஆட்டுவிப்பவனைத்தான் தலைப்பு சொல்கிறது. அந்தப் பாட்டில் ஆட்டுவிப்பவன் போதைப்பொருள். ஆடுபவன் அதற்கு அடிமையானவன். பாட்டு போதையின் குரலிலேயே பேசுகிறது என்பதுதான் அதில் உள்ள பயங்கரம். அடிமையானவன் புலம்புவதைவிட எஜமான் கொக்கரிப்பது உறைக்கிறது.

மற்ற பாட்டுகளிலும் ஏதோ ஒரு கயிறு இருக்கிறது. 'டிஸ்போசபிள் ஹீரோஸ்' பாட்டில் இருபதைத் தாண்டிய சிப்பாயைப் போர்முனைக்கு ஓட்டும் அதிகாரி. 'லெப்பர் மெஸையா'வில் தொலைக்காட்சியில் கடவுளின் பெயரால் காசு கேட்கும் போதகர். எண்பதுகளின் அமெரிக்காவில் அது பெரிய வியாபாரம். 'வெல்கம் ஹோம் (சானிடேரியம்)' மனநோய் விடுதிக்குள் அடைக்கப்பட்டவனின் குரல். கென் கீஸியின் 'ஒன் ஃப்ளூ ஓவர் த குக்கூஸ் நெஸ்ட்' கதையிலிருந்து கிளம்பிய யோசனை. 'தி திங் தட் ஷுட் நாட் பி' மட்டும் கொஞ்சம் விலகி நிற்கிறது. அது எச்.பி. லவ்கிராஃப்ட் என்ற திகில் எழுத்தாளரின் கடலடி அரக்கர்களைப் பற்றியது.

இதையெல்லாம் முன்கூட்டியே திட்டமிட்டு ஒரு கருவைச் சுற்றி எழுதினார்கள் என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரே கோடையில், ஹெட்ஃபீல்ட் என்ற ஒரே ஆளின் மனதிலிருந்து வந்த வரிகள் ஒரே திசையில் சாய்ந்திருக்கின்றன. ஆனால் ஒரு வேடிக்கை உண்டு. பிறர் பிடியில் சிக்கியவர்களைப் பற்றிய இந்த ஆல்பத்தில், வாசிப்பவர்களின் பிடி ஓரிடத்தில்கூடத் தளரவில்லை. நான் இதைத் திரும்பத் திரும்பக் கேட்பதற்குக் காரணம் அதுதான்.

'பேட்டரி' என்றால் மின்கலமா, அடிதடியா?

ஒரு தெரு. சான் பிரான்சிஸ்கோவின் பேட்டரி தெருவில் 'ஓல்டு வால்டார்ஃப்' என்று ஒரு கிளப் இருந்தது, இவர்கள் தொடக்கத்தில் வாசித்த இடம். அங்கே கூடிய ரசிகக் கூட்டத்தின் வெறியும் பாசமும்தான் பாட்டு. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு அடிதடி என்ற பொருளும் இருப்பது அவர்களுக்கு வசதியாகப் போயிற்று.

அமெரிக்கக் குழு ஏன் கோபன்ஹேகனில் பதிவு செய்தது?

மூன்று காரணம். உல்ரிக் டென்மார்க்கில் பிறந்தவர். முந்தைய ஆல்பமான 'ரைட் த லைட்னிங்' அங்கேதான், 'ஸ்வீட் சைலன்ஸ்' ஸ்டூடியோவில், ஃப்ளெமிங் ராஸ்முசென் என்ற ஒலிப்பொறியாளருடன் பதிவானது. அந்த ஆளைக் கைவிட மனமில்லை. மூன்றாவது, அப்போது டாலர் வலுவாக இருந்ததால் அதே பணத்துக்கு அங்கே அதிக நாள் கிடைத்தது.

நாளும் நிறைய எடுத்துக்கொண்டார்கள். 1985 செப்டம்பர் தொடக்கத்தில் உள்ளே போனவர்கள் டிசம்பர் 27 அன்றுதான் வெளியே வந்தார்கள். ஏறக்குறைய நான்கு மாதம். அதற்கு முந்தைய வருடம்தான் எலெக்ட்ரா என்ற பெரிய நிறுவனம் அவர்களை ஒப்பந்தம் செய்திருந்தது. கையில் முதன்முறையாகக் கொஞ்சம் பணம் இருந்தது. அதை அவர்கள் நேரமாக மாற்றிக்கொண்டார்கள். பதிவுக்கு முன் உல்ரிக் டிரம்ஸ் வகுப்புக்குப் போனார். ஹாமெட் தன் ஆசிரியர் ஜோ சாட்ரியானியிடம் மறுபடி உட்கார்ந்தார். பேர் வாங்கத் தொடங்கிய பிறகு சரளி வரிசைக்குத் திரும்பிப் போக எத்தனை பேருக்கு மனம் வரும்?

இறுதிக் கலவையை மைக்கேல் வாகனர் 1986 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸில் செய்தார். இதற்கு நடுவே டிசம்பர் 31 இரவு சான் பிரான்சிஸ்கோவில் ஒரு புத்தாண்டுக் கச்சேரி. தலைப்புப் பாட்டு முதன்முதலாக மேடையேறியது அங்கேதான், ஆல்பம் வருவதற்கு இரண்டு மாதம் முன்பே.

அந்த கிட்டார் ஒலி எப்படி வருகிறது? நான் முயன்றால் வெறும் ஜிர் என்றுதான் வருகிறது.

நானும் அந்தக் கட்சிதான். பலரும் கருவியில் குற்றம் தேடுகிறார்கள். ஹெட்ஃபீல்ட் மெஸா பூகி நிறுவனத்தின் 'மார்க் டூ சி பிளஸ்' ஆம்ப் (கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டி) வைத்திருந்தார் என்பது தெரிந்ததிலிருந்து அந்தப் பழைய ஆம்புக்கு விலை எங்கேயோ போய்விட்டது. ஆனால் ரகசியம் வலது கையில் இருக்கிறது.

கிட்டார் தந்தியை பிக் என்ற சின்ன வில்லையால் கீழ்நோக்கியும் தட்டலாம், மேல்நோக்கியும் தட்டலாம். வேகமாக வாசிப்பவர்கள் மாறிமாறித் தட்டுவார்கள், அது சுலபம். ஹெட்ஃபீல்ட் தலைப்புப் பாட்டின் முக்கிய ரிஃபைக் கீழ்நோக்கி மட்டுமே தட்டுகிறார். பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 210 தட்டுக்கு மேல். ஒரு தட்டுக்கு இரண்டு அடி என்று கணக்குப் போட்டால் நொடிக்கு ஏழு அடி, அத்தனையும் மேலிருந்து கீழே. கூடவே உள்ளங்கையின் ஓரத்தைத் தந்தியின் அடிமுனையில் மெல்லப் பதித்து, ஓசை நீளாமல் அமுக்கிக்கொள்ள வேண்டும். அதனால்தான் ஒவ்வொரு அடியும் உரலில் உலக்கை விழுவதுபோல ஒரே கனத்தில் விழுகிறது. முயன்று பாருங்கள், இரண்டாவது நிமிடத்தில் முன்கை எரியும்.

இன்னொன்று: இரண்டு பக்கமும் கேட்கும் ரிதம் கிட்டார்களை ஒரே ஆள்தான் வாசித்தார். ஹெட்ஃபீல்ட் ஒரு தடவை வாசித்துப் பதிந்து, அதன்மேல் மயிரிழை பிசகாமல் மறுபடி வாசித்தார். இரண்டு ஆட்கள் வாசித்திருந்தால் அந்தச் சுவர் இவ்வளவு இறுக்கமாக இருந்திருக்காது.

தலைப்புப் பாட்டுக்குத் தாளம் போட்டால் எனக்கு மட்டும் தப்புகிறதே?

உங்களுக்கு மட்டும் இல்லை. சரணத்தில் நான்கு எண்ணிக்கை கொண்ட மூன்று சுற்று ஒழுங்காக வரும். நான்காவது சுற்று பாதிக்குச் சற்று மேலே போனதும் அறுந்து, பாட்டு அடுத்த வரிக்குத் தாவிவிடும். ஆதி தாளம் போட்டபடி வந்தவரின் கை அந்தரத்தில் நிற்கும். அச்சான இசைத்தாள்களில் அந்தச் சுற்றை 5/8 என்று போட்டிருக்கிறார்கள், நம் வழக்கில் சொன்னால் கண்டத்தில் ஐந்து எண்ணிக்கை. துல்லியமாக அளந்தவர்கள் அது சரியாக ஐந்தும் இல்லை, ஒரு துளி கூட என்கிறார்கள். கணக்குப் போட்டு வைத்த இடம் மாதிரி எனக்குத் தோன்றவில்லை. அவசரத்தில் கை அப்படி வெட்டியிருக்கிறது, நால்வரும் சேர்ந்து அதே மாதிரி வெட்டப் பழகிவிட்டார்கள். மிருதங்கம் வாசிக்கும் நண்பர் ஒருவரிடம் போட்டுக் காட்டினேன். மூன்றாவது தடவையில் பிடித்துவிட்டார். முகத்தில் ஒரு சிரிப்பு.

இது முந்தைய ஆல்பத்தின் நகல்தான் என்று ஒருவர் வாதாடினார். உண்மையா?

எலும்புக்கூடு ஒன்றுதான், மறைக்க ஒன்றுமில்லை. இரண்டிலும் எட்டுப் பாட்டு. இரண்டிலும் முதல் பாட்டு அமைதியான கிட்டாரில் தொடங்கி வெடிக்கிறது. இரண்டாவது தலைப்புப் பாட்டு. மூன்றாவது மெதுவான, கனமான பாட்டு. நான்காவது சோகமாகத் தொடங்கிக் கோபத்தில் முடிவது. கடைசிப் பகுதியில் குரலே இல்லாத நீண்ட வாத்தியப் பாட்டு ஒன்று.

ஆனால் அதே வரைபடத்தில் கட்டிய இரண்டாவது வீடு இது. முதல் வீட்டில் எங்கே ஒழுகியது என்று தெரிந்துகொண்டு கட்டியது. 'பேட்டரி'யின் தொடக்கத்தில் அடுக்கடுக்காக ஏறும் கிட்டார்களை முந்தைய ஆல்பத்தின் முதல் அரை நிமிடத்தோடு ஒப்பிட்டுக் கேளுங்கள், புரியும்.

எல்லாப் பாட்டும் சமமாக நல்லதா?

இல்லை. 'லெப்பர் மெஸையா' எனக்கு எப்போதுமே இடைவேளை. 'தி திங்' பாட்டுக்காக கிட்டார்களை ஒரு முழுச் சுருதி இறக்கியிருக்கிறார்கள், ஒலி பிரமாதம். ஆனால் ஆறரை நிமிடத்துக்கு அதில் சரக்கு போதவில்லை. இதைச் சொன்னதற்கு ஒரு நண்பர் ஒரு வாரம் பேசவில்லை.

உச்சம் 'டிஸ்போசபிள் ஹீரோஸ்' என்பேன். தலைப்புப் பாட்டுக்குக் கிடைத்த புகழில் பாதிகூட இதற்குக் கிடைக்கவில்லை. எட்டு நிமிடம் மூச்சுவிடாமல் ஓடுகிறது. அதிகாரியின் கட்டளையும் சிப்பாயின் புலம்பலும் ஒரே தொண்டையிலிருந்து மாறிமாறி வருகின்றன. உல்ரிக்கை டிரம்ஸ் தெரியாதவர் என்று கேலி செய்பவர்களுக்கும் என் பதில் இந்தப் பாட்டுதான்.

வானொலியில் போடவில்லை, வீடியோ எடுக்கவில்லை. பிறகு எப்படி விற்றது?

பேருந்தில் போய் விற்றது என்று சொல்லலாம். 1986 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ஆசி ஆஸ்போர்ன் என்ற பிரபல மெட்டல் பாடகரின் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில், அவருக்கு முன்னால் மேடையேறும் குழுவாகப் போனார்கள். பெரிய அரங்குகள், ஆசியைப் பார்க்க வந்த கூட்டம் இவர்களின் தட்டை வாங்கிக்கொண்டு போயிற்று. நடுவில் ஜூலையில் ஹெட்ஃபீல்ட் ஸ்கேட்போர்டிலிருந்து விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். கிட்டார் பராமரிப்பாளராக வந்திருந்த ஜான் மார்ஷல் ரிதம் கிட்டாரை வாசிக்க, கையில் கட்டோடு இவர் பாடினார்.

அமெரிக்க பில்போர்டு பட்டியலில் ஆல்பம் ஏறிய உயரம் 29ஆம் இடம்தான். ஆனால் 72 வாரம் பட்டியலை விட்டு இறங்கவில்லை. 1986 நவம்பரில் ஐந்து லட்சம் பிரதிக்கான தங்கச் சான்று கிடைத்தது. 2003இல் அமெரிக்காவில் மட்டும் அறுபது லட்சத்துக்கான சான்று. 2016இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் இதைச் சேர்த்தது. அந்தப் பட்டியலில் இடம்பிடித்த முதல் மெட்டல் ஆல்பம் இது.

அட்டைப்படத்தில் என்ன இருக்கிறது?

டான் பிரவுட்டிகம் தீட்டிய ஓவியம். வரிசை வரிசையாக வெள்ளைச் சிலுவைகள் நட்ட கல்லறைத் தோட்டம். ஒவ்வொரு சிலுவையிலிருந்தும் ஒரு கயிறு மேலே போகிறது. ரத்தச் சிவப்பு வானத்தில் இரண்டு கைகள் அந்தக் கயிறுகளைப் பிடித்திருக்கின்றன. ஒரு சிலுவையில் ராணுவத் தொப்பி மாட்டியிருப்பது சின்னப் படத்தில் தெரியாது. பெரிய இசைத்தட்டு அட்டையில் பார்க்க வேண்டும்.

ஸ்டிக்கர் கதை என்ன?

1985 செப்டம்பரில், பாட்டுகளில் கெட்ட வார்த்தை இருக்கிறது என்று சில அரசியல்வாதிகளின் மனைவிமார் தொடங்கிய இயக்கம் அமெரிக்க செனட் விசாரணை வரை போயிற்று. தட்டுகளில் எச்சரிக்கை ஒட்ட வேண்டும் என்பது கோரிக்கை. அதைக் கிண்டல் செய்து இவர்களே ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார்கள்: கடைசிப் பாட்டான 'டேமேஜ், இன்க்.' தவிர வேறெதிலும் கெட்ட வார்த்தை இல்லை என்று உறுதி சொல்லி, எந்தெந்த வார்த்தைகள் இல்லை என்று ஒவ்வொன்றாகப் பட்டியலும் போட்டிருந்தார்கள். அந்தப் பட்டியலை இங்கே தரமாட்டேன்.

கிளிஃப் பர்ட்டனுக்கு என்ன ஆயிற்று?

1986 செப்டம்பர் 26 இரவு ஸ்டாக்ஹோமில் கச்சேரி. முடித்துவிட்டு ஸ்வீடனைக் குறுக்காகக் கடந்து கோபன்ஹேகன் நோக்கிப் போனார்கள், ஆல்பம் பதிவான அதே ஊருக்கு. பேருந்தில் யாருக்கு எந்தப் படுக்கை என்பதில் தகராறு வந்து சீட்டு எடுத்ததாக ஹாமெட் பின்னாளில் சொன்னார். பர்ட்டனுக்கு ஸ்பேட் ஏஸ் வந்தது. ஹாமெட்டின் படுக்கையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

27ஆம் தேதி விடியற்காலையில் தென் ஸ்வீடனில், டோராப் என்ற சிற்றூர் அருகே பேருந்து சாலையை விட்டு விலகிக் கவிழ்ந்தது. சன்னல் வழியாகத் தூக்கி எறியப்பட்ட பர்ட்டன்மேல் பேருந்து விழுந்தது. வயது 24. சாலையில் பனி உறைந்திருந்தது என்றார் ஓட்டுநர். ஹெட்ஃபீல்ட் அந்தச் சாலையில் பனியைத் தேடி நடந்து பார்த்ததாகவும் எதுவும் தென்படவில்லை என்றும் சொல்லியிருக்கிறார். ஓட்டுநர்மேல் குற்றம் நிலைநாட்டப்படவில்லை. 2006இல் அந்த இடத்தில் ஒரு நினைவுக்கல் வைத்தார்கள்.

ஆல்பம் வந்து ஏழு மாதம்கூட முடியாத நேரம். தங்கச் சான்று வந்தபோது அவர் இல்லை.

அப்படியானால் இது உண்மையில் கிளிஃப் பர்ட்டனின் ஆல்பம்தானே?

ரசிகர்கள் அப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒரு காலத்தில் நானும் சொன்னேன். உறையைத் திருப்பிப் பாருங்கள்: எட்டில் மூன்று பாட்டுக்குத்தான் ஆக்கியவர்களில் அவர் பெயர் இருக்கிறது. தலைப்புப் பாட்டு, 'ஓரியன்', 'டேமேஜ், இன்க்.' எட்டிலும் பெயர் இருப்பது ஹெட்ஃபீல்டுக்கும் உல்ரிக்குக்கும்தான். இறந்துபோனவருக்கு எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்துவிடுவது நம் பழக்கம். மிச்சம் மூவரின் உழைப்பு அதில் காணாமல் போகிறது.

பெயரில் வராத பங்கும் உண்டு என்பது வேறு விஷயம். நால்வரில் முறையாக இசைக் கோட்பாடு படித்தவர் பர்ட்டன். ஜெர்மானிய இசைமேதை பாக்கை (Bach) விரும்பிக் கேட்டவர். இரண்டு கிட்டார்கள் இணைந்து வெவ்வேறு சுரத்தில் நடப்பது எப்படி என்பதை ஹெட்ஃபீல்ட் அவரிடமிருந்து கற்றுக்கொண்டார். லவ்கிராஃப்ட் பைத்தியமும் முதலில் அவருடையதுதான். 'டேமேஜ், இன்க்.' தொடங்கும்போது ஆர்கன் போல ஏதோ வீங்கி எழுந்து அடங்குகிறதே, அது பேஸ் கிட்டார். பல அடுக்காக வாசித்துப் பதிந்த அதற்குப் பின்னால் பாக்கின் ஒரு மரணப் பாட்டு இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டு கேட்கும்போது 1986 செப்டம்பர் மனதில் வராமல் இருக்காது. ஆனால் வாசித்தபோது அவருக்கு அது தெரியாது. விளையாட்டாக, சந்தோஷமாகத்தான் வாசித்திருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

டேவ் மஸ்டைனுக்கு இதில் பங்கு உண்டா?

1983இல் மெட்டாலிகாவிலிருந்து வெளியேற்றப்பட்டு மெகாடெத் என்ற குழுவைத் தொடங்கிய கிட்டாரிஸ்ட் அவர். 'லெப்பர் மெஸையா'வில் தன் ரிஃப் இருப்பதாக அவர் சொல்லிவருகிறார். ஆல்பத்தில் அவர் பெயர் இல்லை. நான் இடைவேளை என்று சொன்ன பாட்டுக்கு இத்தனை உரிமைச் சண்டை.

'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' பார்த்துவிட்டு வந்தேன். என்னைச் சேர்த்துக்கொள்வீர்களா?

தாராளமாக. 1986இல் நடக்கும் கதையில் 1986 பாட்டு. 2022 ஜூலையில் வந்த, அந்தத் தொடரின் நான்காம் சீசனின் கடைசிப் பகுதியில் எடி என்ற பையன் கூரைமேல் நின்று வாசிப்பது இதைத்தான். 36 வருடம் கழித்து அந்தப் பாட்டு முதன்முறையாக அமெரிக்காவின் 'ஹாட் 100' பட்டியலுக்குள் நுழைந்தது. மெட்டாலிகாவின் இன்றைய பேஸ் கலைஞர் ராபர்ட் ட்ருஹியோவின் மகன் டை ட்ருஹியோ அந்தக் காட்சிக்காக கிட்டார் வாசித்துக் கொடுத்திருக்கிறார். "தொடர் பார்த்துவிட்டு வந்த கூட்டம்" என்று முகம் சுளித்த பழைய ரசிகர்களைப் பார்த்தேன். நாங்களும் யாரோ அண்ணன் கொடுத்த கேசட்டைக் கேட்டுத்தானே வந்தோம்.

அதே 1986இல் வந்த, ஸ்லேயர் என்ற த்ராஷ் குழுவின் 'ரெய்ன் இன் பிளட்' இதைவிடச் சிறந்தது இல்லையா?

வேகத்திலும் கொடூரத்திலும் ஆம். 29 நிமிடத்தில் வந்து கழுத்தை அறுத்துவிட்டுப் போய்விடும். இது வேறு காரியம். இரண்டையும் ஒரே தராசில் வைக்க வேண்டாம். என்னிடம் இரண்டும் இருக்கிறது.

இந்தியாவில் இந்தப் பாட்டுகளை நேரில் வாசித்திருக்கிறார்களா?

2011 அக்டோபர் 30, பெங்களூர் அரண்மனை மைதானம். தலைப்புப் பாட்டும் அன்று உண்டு. இரண்டு நாள் முன்பு குர்கானில் நடக்க வேண்டிய கச்சேரி கடைசி நேரத்தில் ரத்தாகி ரகளையில் முடிந்ததால், பெங்களூரும் நடக்குமா என்று எல்லோருக்கும் வயிற்றில் புளி கரைந்தது. நடந்தது.

'ஓரியன்' ஏன் மேடையில் அபூர்வம்?

பர்ட்டன் இருந்தபோது அதை முழுதாக மேடையில் வாசித்ததே இல்லை. அவருடைய இறுதிச் சடங்கில் அந்தப் பதிவை ஒலிக்கவிட்டார்கள். அதற்குப்பின் துண்டுதுண்டாக எங்கேயாவது வந்து போகும். முழுப் பாட்டும் முதன்முதலாக மேடையேறியது 2006 ஜூன் 3 அன்று, ஜெர்மனியின் 'ராக் ஆம் ரிங்' விழாவில். ஆல்பத்தின் இருபதாம் ஆண்டுக்காக எட்டுப் பாட்டையும் வரிசையாக வாசித்தார்கள். ஏழாவது பாட்டைத் தவிர்க்க வழியில்லை.

எட்டரை நிமிடம், குரல் இல்லை. நான்காவது நிமிடம் வாக்கில் எல்லாம் நின்று, பேஸ் மட்டும் மெதுவாக ஓர் ஊஞ்சல் நடையில் தொடங்குகிறது. அதன்மேல் கிட்டார்கள் ஒவ்வொன்றாக வந்து உட்காரும் அந்த இரண்டு மூன்று நிமிடத்தைப் பற்றி எழுத முயன்று நான்கு முறை அழித்துவிட்டேன்.

எந்தப் பதிப்பைக் கேட்பது?

எது கிடைக்கிறதோ அது. 2017இல் ஒலியைத் துலக்கி ஒரு பதிப்பு வெளியிட்டார்கள்; நன்றாகவே இருக்கிறது. மொபைல் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள், பேஸ் முழுக்கப் போய்விடும். இந்த ஆல்பத்தில் பேஸ் கேட்கிறது என்பதே ஒரு பாக்கியம். 1988இல் வந்த அடுத்த ஆல்பத்தில், பர்ட்டனுக்குப் பின் பேஸுக்கு வந்த ஜேசன் நியூஸ்டெட் வாசித்ததைக் காதில் விழாதபடி குறைத்துவிட்டார்கள்.

நான் முதலில் கேட்டது ஒரு அறுபது நிமிட கேசட்டில். ஆல்பத்தின் முதல் பக்கம் 27 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு, இரண்டாவது 28 நிமிடம். பக்கத்துக்கு முப்பது நிமிட நாடாவில் அளவெடுத்துத் தைத்ததுபோல உட்காரும். அதில் 'ஓரியன்' நடுவில், பேஸ் தனியாக வரும் இடத்துக்குச் சற்று முன்பு, நாடா ஒருமுறை சிக்கி மடங்கியதால் ஒலி அரை நொடி முனகி இறங்கி ஏறும். கேசட் போய் எத்தனையோ வருடம் ஆகிறது. இப்போதும் அந்த இடம் நெருங்கும்போது நான் அந்த முனகலுக்காகக் காத்திருக்கிறேன்; அது வராமல் பேஸ் வந்துவிடுகிறது.